ஆணியும் ஸ்க்ரூவும் வெளிய தெரியாம சுவத்துல மரப் பேனல் மாட்டுறது: முழு வழிகாட்டி

இந்த வேலைய புதுசா பண்றவங்க முக்காவாசி பேர் பேனல சுவத்துல வெச்சுப் பாத்துட்டுதான் எப்படி மாட்டலாம்னு யோசிக்கவே ஆரம்பிக்கிறாங்க, அப்பவே பாதி தப்பு நடந்து முடிஞ்சிருக்கும். பேனல் மாட்டுறது கடைசி ஒரு மணி நேர வேலைதான். அதுக்கு முன்னாடி சுவத்துல போடுற கோடு, மேல விடுற கேப், எந்தப் பேனல் முதல்ல ஏறணும்ங்கிற வரிசை, இந்த மூணுலதான் எல்லாமே இருக்கு. அதனால படிகள மாத்தாம இதே வரிசையில போங்க.

1. முதல்ல எந்த முறைன்னு முடிவு பண்ணுங்க

ஸ்க்ரூ தலை தெரியாம மாட்ட மூணு வழி இருக்கு. பசை வெச்சு ஒட்டுறது ஒண்ணு, நாக்கும் காடியும் (ஒரு ஓரத்துல நீட்டிட்டு இருக்கிற விளிம்பும், எதிர் ஓரத்துல அது சொருகுற பள்ளமும்) இருக்கிற பலகைன்னா நாக்குல ஆணி அடிச்சு அடுத்த பலகையால மறைக்கிறது ஒண்ணு, சாய்வா கீறின ரெண்டு ரீப்பர (நீளமான மரப்பட்டை) ஒண்ணு மேல ஒண்ணு கொக்கி மாதிரி உக்கார வைக்கிறது இன்னொண்ணு. இந்த மூணாவதத்தான் பிரெஞ்ச் கிளீட்னு சொல்றாங்க. அலுமினியத்துல ரெடிமேடா வர்ற இசட் கிளிப்பும் இதே தத்துவம்தான்.

என்னோட கணக்கு இதுதான்: 6 மி.மீ., 9 மி.மீ. மாதிரி லேசான பலகை, சுவரும் நேரா இருக்கு, திரும்பக் கழட்டப் போறதில்லன்னா பசை போதும். 12 மி.மீ. இல்ல அதுக்கு மேல, அல்லது பின்னாடி வயர் ஓடுது, என்னைக்காவது கழட்ட வேண்டி வரும்னா கண்ண மூடிட்டு கிளீட்தான். எம்டிஎஃப் (மர நார அழுத்திச் செஞ்ச பலகை) ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 700, 750 கிலோ, அப்போ 18 மி.மீ. பலகை ஒரு சதுர மீட்டருக்கு 13 கிலோ வரும். 600க்கு 2400 சைஸ்ல ஒரே ஒரு பேனலே 19 கிலோ ஆச்சு. அவ்வளவு கனத்த பெயிண்ட் மேல ஒட்டுன பசைய நம்பித் தொங்கவிடுறது எனக்குப் பிடிக்கல, ஏன்னா பசை நல்லா பிடிச்சிருக்கும், பெயிண்ட்தான் சுவத்த விட்டு உரிஞ்சு வரும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் கிளீட் முறையப் பத்திதான். மத்த ரெண்டும் கடைசில சுருக்கமா இருக்கு.

2. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

லேசர் லெவல், இல்லன்னா தண்ணி டியூப் லெவல். ரெண்டு மீட்டர் நேர் கட்டை ஒண்ணு. ரசமட்டம், டேப், சுண்ணாம்பு நூல். டிரில், 8 மி.மீ. கான்கிரீட் பிட், 8 மி.மீ. நைலான் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க சுவத்துத் துளைக்குள்ள சொருகுறது), அதுக்கேத்த 5 மி.மீ. ஸ்க்ரூ. 18 மி.மீ. பிளைவுட்ல 100 மி.மீ. அகலத்துக்கு அறுத்த ரீப்பர். 45 டிகிரி சாய்ச்சு அறுக்கக்கூடிய சர்குலர் சா அல்லது டேபிள் சா. மர கோந்து. மெல்லிசான பிளாஸ்டிக் துண்டு, லேமினேட் வெட்டுன மிச்சம் எல்லாம் எடுத்து வெச்சுக்கோங்க, சுவத்துப் பள்ளத்துக்கு அண்டக் கொடுக்க (பின்னாடி இருக்கிற இடைவெளிய நிரப்ப) அதுதான் வேணும்.

ரீப்பருக்கு எம்டிஎஃப் எடுக்காதீங்க. சாய்வா கீறுன முனை பொடிப்பொடியா உதிரும், பக்கவாட்டுல ஸ்க்ரூ போட்டா ரெண்டாப் பிளக்கும். பிளைவுட் அல்லது வளையாத நல்ல மரம் மட்டும்தான்.

இன்னொண்ணு, துணைக்கு ஒரு ஆள். கோடு போடுறது, டிரில் பண்றது எல்லாம் தனியா முடியும், மாட்டுறது முடியாது.

3. மரத்த அந்த ரூம்லயே ரெண்டு மூணு நாள் போடுங்க

பேனல் வந்த அன்னைக்கே மாட்டக்கூடாது. மாட்டப்போற ரூம்ல, தரையில குச்சி வெச்சு அது மேல அடுக்கி, ஒவ்வொரு பலகைக்கு நடுவுலயும் குச்சி வெச்சு காத்து ஓடுற மாதிரி 48லருந்து 72 மணி நேரம் விடுங்க. ரூம்ல இருக்கிற ஈரப்பதத்துக்கு மரம் பழகணும். பழகாத பலகைய இறுக்கமா மாட்டிட்டா, அது உப்புறப்போ பக்கத்துப் பேனல தள்ளும், சுருங்குறப்போ ஜாயிண்ட் வாயப் பிளக்கும்.

ரேகை போற திசையில மரம் கிட்டத்தட்ட நீளாது, குறுக்கேதான் அசையும். 300 மி.மீ. அகலமுள்ள திடமான பலகை வறண்ட காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் நடுவுல 2, 3 மி.மீ. மாறுறது சாதாரணம். பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் இதவிட ரொம்பக் கம்மி, ஆனா சுத்தமா அசையாதுன்னு இல்ல.

இந்தக் காத்திருக்கிற நேரத்துல பின்பக்கத்துக்கும் ஒரு கோட் சீலர் அடிச்சிடுங்க. முன்பக்கம் மட்டும் பாலிஷ் பண்ணி பின்பக்கத்த பச்சையா விட்டா, பின்பக்கம் மட்டும் ஈரத்தக் குடிச்சு பேனல் கிண்ணி மாதிரி குழிஞ்சிடும். வெனீர் (மெல்லிசா சீவுன மரத் தாள்) ஒரு பக்கம் ஒட்டுனதுன்னா பின்னாடி பேலன்ஸ் ஷீட், அதாவது வளையாம இருக்க மறுபக்கம் ஒட்டுற தாள், இருக்கான்னு பாருங்க.

4. சுவத்தப் படிங்க

முதல்ல ஈரம். சந்தேகமான இடத்துல ஒரு பாலிதீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் தண்ணி பூத்திருந்தா சுவத்துல ஓதம் இருக்கு, அத சரி பண்ணாம பேனல் போட்டு மறைச்சா பின்னாடி பூஞ்சை பிடிக்கும், வெளிய தெரியுறப்போ பேனலே போயிருக்கும்.

அடுத்து, வயர். சுவிட்ச் பாக்ஸ்ல இருந்து நேர் மேலயும் நேர் கீழயும் பைப் போயிருக்கும், பக்கவாட்டுலயும் போயிருக்கலாம். அந்த வழியில டிரில் வைக்காதீங்க, டிடெக்டர் இருந்தா ஓட்டிப் பாருங்க, டிரில் பண்றப்போ அந்த ரூமுக்கான மெயின ஆஃப் பண்ணிடுங்க.

மூணாவது, சுவர் எதால ஆனது. செங்கல், கான்கிரீட்னா நைலான் பிளக் போதும். உள்ளே பொந்து இருக்கிற பிளாக்ன்னா டிரில்ல ஹேமர் மோட ஆஃப் பண்ணிட்டுத் துளைங்க, ஹேமர் அடிச்சா உள்ள இருக்கிற மெல்லிசு தடுப்பு உடைஞ்சு பிளக் சும்மா சுத்தும். ஜிப்சம் போர்டுன்னா உள்ள இருக்கிற ஃபிரேம் எங்கன்னு காந்தம் வெச்சு கண்டுபிடிங்க (போர்டு அடிச்ச ஸ்க்ரூ தலையில காந்தம் ஒட்டும்), ஃபிரேம்லதான் ஸ்க்ரூ போகணும்.

கடைசியா நேர் கட்டைய சுவர் முழுக்க வெச்சு ஓட்டுங்க. பள்ளம் எங்க, மேடு எங்கன்னு பென்சில்ல எழுதுங்க. இதுல முக்கியமானது மேடுதான். மொத்த வேலையும் அந்த ஒரு மேட்ட வெச்சுதான் நிக்கும், ஏன்னா பள்ளத்துக்கு அண்டக் கொடுக்கலாம், மேட்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, மத்த இடத்தையெல்லாம் அதோட அளவுக்கு வெளிய கொண்டு வரணும்.

5. கிளீட் அறுக்கிறது

100 மி.மீ. அகல ரீப்பர நடுவுல 45 டிகிரில நீளவாக்குல கீறுனா ரெண்டு பாதி கிடைக்கும், ஒண்ணு சுவத்துக்கு, இன்னொண்ணு பேனலுக்கு. ஒரே அறுப்புல வந்ததால ரெண்டோட சாய்வும் ஒண்ணுக்கொண்ணு சரியா உக்காரும்.

டேபிள் சாவுல பண்றீங்கன்னா கையால தள்ளாதீங்க, தள்ளுகட்டை வேணும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க. அறுபட்டு விழுற துண்டு சாய்ஞ்ச பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் (மரத்த நேரா ஓட்ட மேசையில இருக்கிற தடுப்பு) நடுவுல மாட்டாத மாதிரி செட் பண்ணுங்க, மாட்டுனா அது பின்னாடி எகிறி வரும். சர்குலர் சான்னா ஒரு நேர் கட்டைய கிளாம்ப் போட்டு அது ஓரமா ஓட்டுங்க.

அறுத்ததும் கத்தி மாதிரி கூரா இருக்கிற முனைய இழைப்புளியால 2 மி.மீ. மழுக்கிடுங்க. இது அழகுக்காக இல்ல. கூர் முனை கீழ போய் தூசி மேலயோ பிதுங்குன கோந்து மேலயோ முட்டி நின்னுட்டா சாய்வும் சாய்வும் சேராது, பேனல் ஆடும்.

6. கோடு கணக்கு (இங்க அவசரப்படாதீங்க)

தரையில இருந்தோ சீலிங்ல இருந்தோ டேப் வெச்சு அளந்து கோடு போடாதீங்க. ரெண்டுமே மட்டமா இருக்கும்னு நம்பறதுக்கு இல்ல. லேசர்ல ஒரு கோடு சுவர் முழுக்க அடிங்க, எல்லா அளவும் அந்த ஒரே கோட்டுல இருந்துதான்.

இப்போ மேல எவ்வளவு கேப் வேணும்னு பாக்கணும். பேனல மாட்டணும்னா அதத் தூக்கி, பேனல் கிளீட்டோட முனை சுவர் கிளீட்டோட முனையத் தாண்டுன பிறகு சுவத்தோட சேத்து கீழ இறக்கணும். 18 மி.மீ. கனத்துல 45 டிகிரி கீறுனா அந்தத் தூக்குற உயரமும் 18 மி.மீ. முனைய மழுக்குனதால கொஞ்சம் குறையும், ஆனா கை ஆடும், அதனால பேனல் மேல்விளிம்புக்கும் சீலிங்குக்கும் நடுவுல 22லருந்து 25 மி.மீ. விடுங்க. இந்தக் கேப் விடாம தரையிலருந்து சீலிங் வரைக்கும் டைட்டா பேனல் அறுத்துட்டு நிக்கிறதுதான் இந்த வேலையிலயே அதிகமா நடக்குற தப்பு. பேனல் அளவு மில்லிமீட்டர் பிசகாம இருக்கும், ஆனா மாட்டவே முடியாது. இசட் கிளிப்புக்குத் தூக்குற உயரம் மாடலுக்கு மாடல் மாறும், பாக்கெட்ல போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க.

அடுத்து சுவர் கிளீட் எங்க வரணும்ங்கிறது. தலையில கணக்குப் போடாதீங்க. மிச்சத் துண்டு ரெண்ட மேசையில படுக்க வெச்சு கொக்கி போட்டு சேத்துட்டு மொத்த உயரத்த அளங்க. 100 மி.மீ. ரீப்பர அறுத்தா திரும்பச் சேக்குறப்போ 100 வராது, பிளேடு தின்னது போக 96 மாதிரி வரும். பேனல் கிளீட்டோட மேல்விளிம்ப பேனல் உச்சியிலருந்து 50 மி.மீ. கீழ வைக்கப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. அப்போ பேனல் உச்சி வரவேண்டிய கோட்டுலருந்து 50 கூட 96, மொத்தம் 146 மி.மீ. கீழ ஒரு கோடு. சுவர் கிளீட்டோட அடி விளிம்பு அந்தக் கோட்டுல உக்காரணும். அவ்வளவுதான் கணக்கு.

பல பேனல் வருதுன்னா ஜாயிண்ட் எங்க விழுதுன்னு சுவத்துலயே செங்குத்தா கோடு போட்டுப் பாருங்க. பேனலுக்கும் பேனலுக்கும் 2, 3 மி.மீ. கேப், ரெண்டு பக்கச் சுவத்தோரமும் 3 மி.மீ. ஓரத்துல 50 மி.மீ. அகலத்துக்கு ஒரு சீவல் துண்டு வர்ற மாதிரி இருந்தா எல்லாத்தையும் நகத்தி ரெண்டு ஓரமும் சமமா வர வைங்க.

ஜாயிண்ட் கோடு விழுற இடத்துல சுவத்துல ஒரு பட்டைக்கு கருப்பு அல்லது மரக் கலர் பெயிண்ட் அடிச்சிடுங்க. இல்லன்னா அந்த 3 மி.மீ. கேப் வழியா வெள்ளைச் சுவர் பளிச்னு தெரியும், அப்புறம் உள்ள பிரஷ் போகாது.

7. சுவர் கிளீட் அடிக்கிறது

திசையக் கவனிங்க: கூர் முனை மேல, ரூம் பக்கமா. சாய்வு சுவத்துப் பக்கம் இறங்கணும், அப்போதான் சுவத்துக்கும் கிளீட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம் கிடைக்கும், பேனல் கிளீட் அதுலதான் விழும். இத உல்டாவா அடிச்சுட்டு பேனல் ஏன் வழுக்கி விழுதுன்னு கேக்குறவங்க நிறைய.

ஸ்க்ரூ நீளம்: கிளீட் 18, சுவத்துப் பூச்சு ஏறக்குறைய 15, அதுக்கு மேல செங்கலுக்குள்ள குறைஞ்சது 40. மொத்தம் 73, அதனால 75 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சோட கனத்த பிடிப்புக் கணக்குல சேக்காதீங்க, அது உதிர்ற சமாச்சாரம். துளை போட்டதும் உள்ள இருக்கிற தூசிய ஊதி எடுங்க, தூசிக்கு மேல பிளக் பிடிக்காது. 300லருந்து 400 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, தலை மரத்துக்குள்ள இறங்கணும்.

முதல் ஸ்க்ரூவ நீங்க குறிச்சு வெச்ச மேட்டுல போடுங்க. மத்த இடத்துல நேர் கட்டை வெச்சுப் பாத்து இடைவெளி இருந்தா அண்டக் கொடுங்க. அண்டை சரியா ஸ்க்ரூ இருக்கிற இடத்துலயே இருக்கணும். ஸ்க்ரூவுக்கு ரெண்டு இன்ச் தள்ளி வெச்சுட்டு இறுக்குனா கிளீட் அந்தப் பள்ளத்துக்குள்ள வளைஞ்சு போகும், பேனல் முகத்துல அது அலையா தெரியும், முக்கியமா பக்கவாட்டுல வெளிச்சம் அடிக்கிறப்போ.

வெளிச்சுவரா இருந்தா கிளீட்ட ஒரே நீட்டா போடாம ஒரு மீட்டருக்கு ஒருக்கா 40, 50 மி.மீ. இடைவெளி விடுங்க. பின்னாடி காத்து ஓடும், வயர் இறக்கவும் உதவும்.

உயரமான பேனலுக்கு ரெண்டாவது வரிசை கிளீட் வேணும்னா ரெண்டு வரிசைக்கும் நடுவுல வைக்க ஒரே அளவுல ஒரு குச்சி அறுத்து வெச்சுக்கிட்டு, சுவத்துலயும் பேனல்லயும் அதே குச்சியத்தான் யூஸ் பண்ணணும். டேப் வெச்சு ரெண்டு தடவை அளந்தா 1 மி.மீ. மாறும், மாறுனா ஒரு வரிசைதான் வெயிட் தாங்கும், இன்னொண்ணு சும்மா நிக்கும். 1200 மி.மீ. உயரத்துக்குள்ளன்னா மேல ஒரு கிளீட்டும் கீழ அதே 18 மி.மீ. கனத்துல ஒரு சாதா ரீப்பரும் போதும். அந்தக் கீழ் ரீப்பர மறந்தா பேனலோட அடி சுவத்தப் பாத்து உள்ள சாயும்.

8. பேனல் பின்னாடி கிளீட்

இங்க முனை கீழ, சுவத்துப் பக்கமா. பிளைவுட், எம்டிஎஃப் பேனல்னா கோந்தும் ஸ்க்ரூவும் ரெண்டும். ஸ்க்ரூ நீளத்த பாக்கெட் மேல படிக்காம கையில வெச்சு அளங்க: கிளீட் 18, பேனல் 12, மொத்தம் 30, அதனால 25 மி.மீ. தலைய எவ்வளவு இறக்குறீங்களோ அவ்வளவு முனை முன்னாடி வரும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும். முன்முகத்துல ஒரு சின்ன பருவு தூக்குனாலும் அந்தப் பேனல் போச்சு.

திடமான மரப் பலகைய சேத்து ஒட்டுன பேனல்னா ரேகைக்குக் குறுக்கே கிளீட்ட கோந்து போட்டு ஒட்டவே கூடாது. பலகை குறுக்கே அசையணும், கிளீட் விடாது, நடுவுல வெடிக்கும். நடு ஸ்க்ரூவ மட்டும் இறுக்கமா போட்டு, மத்த ஸ்க்ரூவுக்கு கிளீட்ல நீளவாக்குல ஓவல் துளை போட்டு வாஷரோட லேசா பிடிங்க.

கிளீட் பேனலோட முழு அகலத்துக்கும் வேண்டாம், ரெண்டு பக்கமும் 20, 30 மி.மீ. உள்ள தள்ளியே நிறுத்துங்க. பின்னாடி நம்பரும் மேல பாத்து ஒரு அம்புக்குறியும் சாக்பீஸ்ல போடுங்க, வெனீர் ரேகை பொருந்துற வரிசை அப்புறம் குழம்பாது.

9. சுவிட்ச், பிளக் பாயிண்ட்

கிளீட் 18, பேனல் 12 சேந்து புது முகம் சுவத்துலருந்து 30 மி.மீ. முன்னாடி வரும். பழைய பாக்ஸ் அவ்வளவு உள்ள போயிடும், அதனால எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணும். கதவு நிலையவிட பேனல் முன்னாடி துருத்திட்டு வருதான்னும் இப்பவே பாத்துடுங்க.

இதுல பல பேர் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. பேனல மாட்டுறப்போ அது முதல்ல 20 மி.மீ. மேல இருந்து கீழ இறங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ முன்னாடியே ஃபிட் பண்ணிட்டா பேனல்ல அதுக்காக வெட்டுன துளை அதுல இடிக்கும், பேனல் இறங்காது. அதனால பாக்ஸையும் பிளேட்டையும் கழட்டி, வயர் முனைய டேப் சுத்தி மடக்கி உள்ள வெச்சு, பேனல் இறங்குன பிறகுதான் எக்ஸ்டென்ஷன். இந்தப் பகுதிய எலக்ட்ரீஷியன வெச்சே பண்ணுங்க, மரத்துக்குப் பின்னாடி லூசா ஒரு ஜாயிண்ட் இருக்கிறது விளையாட்டு இல்ல.

10. மாட்டுற வரிசை

ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு மூணு வரிசை பேனல் வருதுன்னா கீழ் வரிசையிலருந்து ஆரம்பிங்க. கீழ் பேனலுக்குத் தூக்கி இறக்க மேல இடம் வேணும், மேல் பேனல முதல்ல மாட்டிட்டா அந்த இடம் போச்சு. கீழ மாட்டிட்டு மேல வந்தா மேல் பேனல் தானா இறங்கி 2, 3 மி.மீ. கேப்புக்கு வந்து நிக்கும். அந்த 25 மி.மீ. கேப் சீலிங் ஓரத்துல மட்டும்தான் வேணும்.

முதல் பேனல மாட்டி ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு உடனே ரெண்டாவதுக்குப் போகாதீங்க. நாலு மூலையிலயும் உள்ளங்கையால தட்டிப் பாருங்க. டொக்குனு சத்தம் வந்து ஆடுனா கிளீட் முழுசா உக்காரல, அல்லது கீழ் ரீப்பர தொடல. கழட்டி தூசி, கோந்து கட்டி எதாவது இருக்கான்னு பாருங்க. கீழ ஆட்டம் மட்டும்னா ரீப்பர் மேல மெல்லிசு ஃபோம் டேப் ஒட்டுனா சத்தம் நிக்கும்.

ஜாயிண்ட் கேப்புக்கு 3 மி.மீ. துண்டு நாலஞ்சு வெட்டி வெச்சு நடுவுல சொருகிட்டே போங்க. கிளீட் மேல பேனல் பக்கவாட்டுல நகரும், அது இந்த முறையோட வசதி, கேப்ப தட்டித் தட்டி சரி பண்ணலாம். உள்மூலையில முதல் பேனல் சுவர் வரைக்கும் போகட்டும், அடுத்த சுவத்துப் பேனல் வந்து அது மேல முட்டட்டும், அப்போ மூலை கோணலா இருந்தாலும் மறையும்.

எல்லாம் சரியானதும் பூட்டுங்க. மேல இருக்கிற 25 மி.மீ. கேப் வழியா கிளீட் மேல ஒரு சொட்டு சிலிக்கான், அல்லது பேனல் மேல எழும்பாத மாதிரி ஒரு சின்ன மரத்துண்டு அண்டை. சோபா முதுகு இடிக்கிற சுவர், பிள்ளைங்க ஓடுற இடம்னா இத விடாதீங்க, கீழயிருந்து யாராவது தூக்குனா கொக்கி கழண்டு பேனல் மொத்தமா இறங்கிடும்.

11. மத்த ரெண்டு முறை, சுருக்கமா

பசைன்னா: பெயிண்ட் பளபளன்னு இருந்தா உப்புத்தாள் போட்டு தேச்சு, தூசி துடைச்சு, செங்குத்து கோடா பசை விடுங்க. பொட்டு பொட்டா வெச்சா பலகை நடுவுல அலையும், படுக்கை வசத்துல கோடு விட்டா பின்னாடி காத்து அடைபடும். பாலியூரித்தேன் பசை காத்துல இருக்கிற ஈரத்த எடுத்துதான் இறுகும், அதனால பெரிய பலகைக்கு நடுவுல லேட்டாகும். முதல் 24 மணி நேரம் பிடிக்க டபுள் சைடு ஃபோம் டேப்பும் கீழ முட்டுக்கட்டையும் கொடுங்க. கழட்டணும்னா பூச்சும் சேந்து வரும்ங்கிறத ஒத்துக்கிட்டுத்தான் இதுக்குள்ள போகணும்.

நாக்கு காடி பலகைன்னா: சுவத்துல குறுக்கே ரீப்பர் அடிச்சு, முதல் பலகைய தூக்குகுண்டு வெச்சு நேரா நிறுத்தி, நாக்கோட மூலையில 45 டிகிரி சாய்வா மெல்லிசு ஆணி. அடுத்த பலகையோட காடி அத மூடிடும். முதல் பலகை சாய்ஞ்சா கடைசி பலகை வரைக்கும் சாயும், அதனால நாலு பலகைக்கு ஒருக்கா ரசமட்டம். சுத்தியல நேரா நாக்கு மேல அடிக்காதீங்க, நசுங்குனா அடுத்தது ஏறாது, மிச்சத் துண்ட நடுவுல வெச்சுத் தட்டுங்க.

12. மேல் கேப் மூடுறது

அந்த 25 மி.மீ. இடைவெளிய அப்படியே நிழல் கோடா விட்டாலே நல்லாத்தான் இருக்கும், உள்ள கருப்பு அடிச்சா போதும். மூடியே ஆகணும்னா ஒரு டிரிம் (இடைவெளிய மறைக்கிற பட்டை) வைங்க, ஆனா பேனலோட சேத்து ஒட்டாதீங்க. சீலிங் பக்கத்துல மட்டும் பிடிச்சு, பேனல் மேல சும்மா படிஞ்சு நிக்கட்டும். என்னைக்காவது பின்னாடி வயர் பாக்கணும்னா டிரிம்ம எடுத்து, அண்டைய உருவி, மேல் வரிசைப் பேனலத் தூக்கி இறக்கலாம், அதுக்கப்புறம் அடுத்த வரிசை. கழட்டுறது எப்பவும் மேலருந்து கீழதான்.